பாஸ் இல்லை, பயணம் இல்லை!
முக கவசத்துடன் எல்லையில் தவித்த சென்னைவாசிகள்

சாவு வீட்டுக்குப் போகிறவன்கூட பாஸ் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலம் அல்ல. 2020-ம் ஆண்டுதான்.

அந்த ஆண்டு ஜூன் மாதம். செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடி. பொழுது இன்னும் விடியவில்லை. சென்னையில் இருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் கார், வேன், மோட்டார் சைக்கிள் என்று வரிசை நீண்டு கிடக்கிறது. ரோட்டுக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு. முக கவசமும் கையுறையும் போட்ட போலீசார் ஒவ்வொரு வண்டியாக நிறுத்துகிறார்கள்.

"எங்கே போறீங்க?"

"விழுப்புரம் பக்கம் சார். அப்பா தவறிட்டாரு."

"பாஸ் எங்கே?"

"போட்டிருக்கேன் சார். இன்னும் வரலை."

"வந்த பிறகு வாங்க. வண்டியைத் திருப்புங்க."

மூக்கையும் வாயையும் மூடி முக கவசம் இருக்கிறது. ஹெல்மெட் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. பாஸ் மட்டும் இல்லை. வண்டி திரும்புகிறது.

இது யாரோ ஒருவருடைய கதை என்று நினைக்கவேண்டாம். அந்த மாதம் சென்னையைச் சுற்றிய சோதனைச்சாவடிகளில் தினமும் நடந்த பேச்சு இதுதான்.

6 மணிக்கு விழுந்த பூட்டு

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணி. தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மாவட்ட எல்லைகள் மூடப்பட்டன. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் கிடையாது, ரெயில் கிடையாது, விமானம் கிடையாது. பொங்கல், தீபாவளி என்றால் கால் வைக்க இடம் இல்லாத கோயம்பேடு பஸ் நிலையம் வெறிச்சோடிப்போனது.

அதுவரை "மாவட்ட எல்லை" என்பது ரோட்டோரம் நிற்கும் ஒரு போர்டு. பஸ்சில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் போலீஸ் பந்தல் முளைத்தது. தாண்டவேண்டும் என்றால் "இ-பாஸ்" வேண்டும் என்றார்கள். ஜூன் மாதம் மாநிலத்தை 8 மண்டலமாகப் பிரித்து, ஒரே மண்டலத்துக்குள் போய்வர பாஸ் வேண்டாம் என்று சலுகை கொடுத்தார்கள். அதிலும் சென்னை தனி மண்டலமாக நிறுத்தப்பட்டது.

ஜூன் 19-ந் தேதி முதல் சென்னை, காஞ்சீபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்ததும் நகரமே மூட்டை கட்டியது. வேலை இல்லை, வாடகை கொடுக்கப் பணம் இல்லை. சொந்த ஊரில் கூழாவது கிடைக்கும் என்று கிளம்பினார்கள். மனைவியை பின்னால் உட்காரவைத்து, குழந்தையை பெட்ரோல் டேங்க் மீது உட்காரவைத்து, மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பரனூரில் மறிக்கப்பட்டார்கள்.

காரணம் மூன்றே மூன்று

இ-பாஸ் கொடுக்க முக்கியமாக 3 காரணங்கள்தான் ஏற்கப்பட்டன. கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை. ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி வேண்டும்.

கல்யாணம் என்றால் பத்திரிகை இருக்கும். சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரி சீட்டு இருக்கும். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது?

ஊரில் இறந்தவருக்கு ஊரில்தான் சான்று வாங்கவேண்டும். சாவு வீட்டில் யாராவது ஒருவர் அழுகையை நிறுத்திவிட்டு அதிகாரியையோ டாக்டரையோ தேடிப் போகவேண்டும். வாங்கிய சான்றை செல்போனில் படம் பிடித்து சென்னைக்கு அனுப்பவேண்டும். சென்னையில் இருப்பவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆதார் அட்டையையும் சேர்த்து விண்ணப்பிக்கவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். சிலருக்கு "நிராகரிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. காரணம் தெரியாமல் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார்கள்.

பட்டன் செல்போன் வைத்திருந்த மூட்டை தூக்குகிறவர், சித்தாள், ஓட்டல் தொழிலாளி என்ன செய்வார்? பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார். ஊரடங்கில் அதுவும் பூட்டிக்கிடந்தது.

அதற்குள் ஊரில் ஐஸ் பெட்டிக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும். "எத்தனை நேரம்தான் வைத்திருப்பது? எடுத்துவிடலாமா?" என்று போனில் கேட்பார்கள். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற உத்தரவு வேறு. கொள்ளி வைக்கவேண்டிய மகன் சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்து, செல்போன் திரையில் தகப்பனை வழியனுப்பிய கொடுமை எத்தனையோ வீடுகளில் நடந்தது.

பாஸ் வியாபாரம்

தட்டுப்பாடு வந்தால் கள்ள வியாபாரமும் வரும். அரிசிக்கும் மண்எண்ணெய்க்கும் நடந்தது பாசுக்கும் நடந்தது. பணம் வாங்கிக்கொண்டு இ-பாஸ் எடுத்துக் கொடுத்ததாகச் சென்னையில் சிலர் கைது செய்யப்பட்டார்கள்.

பணம் கொடுக்க வழி இல்லாதவர்கள் குறுக்கு வழியில் புகுந்தார்கள். மெயின் ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரை, கிராமத்து ரோடு என்று இருட்டில் வண்டி ஓட்டினார்கள். சரக்கு வண்டிகளுக்குத் தடை இல்லை என்பதால் காய்கறி ஏற்றும் வண்டியில் ஒண்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. பாஸ் வாங்கி காரில் போகிறவர் நாலு பேரோடு போனார். பாஸ் கிடைக்காதவர் மூடிய வண்டியில் மூட்டையோடு மூட்டையாக நெருக்கியடித்துப் போனார். நோய் எதில் சுலபமாகப் பரவும் என்று டாக்டரிடம் கேட்கத் தேவை இல்லை.

காய்ச்சல் துப்பாக்கி

சோதனைச்சாவடியில் இன்னொரு சோதனையும் உண்டு. துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நெற்றிக்கு நேரே காட்டுவார்கள். காய்ச்சல் இருந்தால் தெரிந்துவிடும். காய்ச்சல் இல்லை என்றால் "போகலாம்" என்பார்கள்.

ஆனால் கொரோனா கிருமி அதைவிடக் கெட்டிக்காரக் கிருமி. உடம்பில் புகுந்து 14 நாட்கள் வரைகூட அறிகுறி காட்டாமல் இருக்கும். காய்ச்சல் தொடங்குவதற்கு 2 நாட்கள் முன்பே மற்றவருக்குத் தொற்றிவிடும். சிலருக்குக் கடைசிவரை காய்ச்சலே வராது. அப்படிப்பட்டவர் நெற்றியில் கருவியைக் காட்டினால் என்ன தெரியும்? பாசும் சரி, துப்பாக்கியும் சரி, இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இவர்களிடம் இருந்து பக்கத்து சீட்டுக்காரரைக் காப்பாற்றியது காதில் மாட்டிய துணிதான். பேசும்போதும் இருமும்போதும் வாயில் இருந்து தெறிக்கும் துளிகளை அது தடுத்தது. சாதாரணத் துணி ஓரளவு தடுக்கும். மருந்துக்கடையில் விற்கும் 3 அடுக்கு கவசம் அதைவிட நன்றாகத் தடுக்கும். "என்-95" என்ற கவசம் மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும். பெயரில் உள்ள 95 அதுதான்.

தொடக்கத்தில் இதிலும் குழப்பம் இருந்தது. நோயாளியும் அவரைக் கவனிப்பவரும் அணிந்தால் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஏப்ரல் மாதம் மத்திய அரசு, வீட்டில் தைத்த துணிக்கவசமாவது அணியுங்கள் என்றது. உலக சுகாதார நிறுவனமும் ஜூன் மாதம் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. கவசத்தின் விலை எகிறியபோது, 3 அடுக்கு கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று மார்ச் மாதமே மத்திய அரசு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் ரேஷன் கடை மூலம் ஆளுக்கு 2 துணிக்கவசம் இலவசமாகக் கொடுத்தார்கள். திருப்பூரில் பனியன் தைத்த மெஷின்கள் முக கவசம் தைத்தன.

தாடைக்குக் கவசம்!

நம் ஜனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முக கவசம் எல்லோரிடமும் இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. சிலருக்குத் தாடையில், சிலருக்குக் கழுத்தில், சிலருக்கு ஒரு காதில், சிலருக்குச் சட்டைப்பையில்! போலீஸ்காரரின் தொப்பி தெரிந்ததும் மூக்குக்கு ஏறும். அவரைத் தாண்டியதும் தாடைக்கு இறங்கும். போன் வந்தால் கவசத்தை இறக்கிவிட்டுப் பேசுவார்கள். பேசும்போதுதான் அது வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

2020 செப்டம்பரில் முக கவசம் அணியாவிட்டால் ரூ.200, பொது இடத்தில் எச்சில் துப்பினால் ரூ.500 என்று அபராதம் வந்தது. ரெயில்வே 2021 ஏப்ரலில் ரூ.500 அபராதம் என்று அறிவித்தது.

பாலத்தில் தாலி

மாவட்ட எல்லையிலேயே இந்தப் பாடு என்றால் மாநில எல்லையைக் கேட்கவேண்டுமா? 2020 மே மாதம், கேரளாவுக்குத் திரும்பிய பலர் பாஸ் இல்லாமல் வாளையாறு சோதனைச்சாவடியில் ரோட்டோரம் தவித்தார்கள்.

ஜூன் மாதம் சின்னாறு சோதனைச்சாவடி அருகே ஒரு கல்யாணம் நடந்தது. பெண் கோவை, மாப்பிள்ளை மூணாறு. இரண்டு குடும்பமும் ஒரே மண்டபத்தில் கூட முடியவில்லை. எல்லையில் நடுரோட்டிலேயே தாலி கட்டினார்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முகத்தில் கவசம்!

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காட்சி தலைகீழானது. கேரளாவில் நோய் அதிகமானதும் தமிழ்நாடு கேட்டது: "பரிசோதனைச் சான்று எங்கே? இல்லாவிட்டால் 2 ஊசி போட்ட சான்று எங்கே?"

பழைய கதை

தமிழனுக்கு இது புதிது அல்ல. ராமேசுவரம் ரெயிலில் போகிறவர்கள் "மண்டபம் கேம்ப்" என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித்தொழிலாளர்களை, தொற்றுநோய் கொண்டுபோய்விடக்கூடாது என்று தடுத்து நிறுத்தி வைத்திருந்த முகாம் அங்கே இருந்தது.

முக கவசத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1910-ம் ஆண்டு கடைசியில் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் டே அங்கே அனுப்பப்பட்டார். மூச்சுக்காற்றில்தான் பரவுகிறது என்று கண்டுபிடித்து, பஞ்சும் துணியும் வைத்த கவசம் அணியச் சொன்னார். அதைக் கேட்காத பிரெஞ்சு டாக்டர் ஒருவர் சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார். ரெயில் போக்குவரத்தையும் நிறுத்தினார்கள். சந்தேகப்பட்டவர்களைச் சரக்கு ரெயில் பெட்டிகளில் தங்கவைத்துக் கவனித்தார்கள். கவசமும் தடுப்பும் சேர்ந்து நோயை அடக்கின. அங்கே தடுத்து வைத்தவர்களைத் தினமும் பார்க்க டாக்டர் இருந்தார்.

ரெயிலிலும் சீட்டு

தாம்பரத்திலும் ஆவடியிலும் இருந்து வேலைக்கு வருகிறவர்கள் பட்ட பாடு தனி. 2020 மார்ச்சில் நின்ற மின்சார ரெயிலில் பொதுமக்கள் மறுபடி ஏற டிசம்பர் ஆகிவிட்டது. அப்போதும் நெரிசல் நேரத்தில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. 10 மணி ஆபீசுக்குப் போகிறவர் ஆபீஸ் நேரத்தில் ரெயில் ஏற முடியவில்லை! 2022 ஜனவரியில் மூன்றாவது அலை வந்தபோது, 2 ஊசி போட்ட சான்றைக் காட்டினால்தான் டிக்கெட் என்றார்கள்.

ஆகஸ்டில் முடிந்தது ஜூனில் ஏன் முடியவில்லை?

ஒன்றை மறுக்க முடியாது. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் நோய் கண்டவர்களில் பெரும்பகுதி சென்னையில்தான் இருந்தார்கள். "சென்னையில் இருந்து வந்திருக்கான்" என்றால் கிராமமே கதவைச் சாத்தியது. ஊர் எல்லையில் மூங்கில் கட்டி வழியை மறித்தார்கள். பெரிய டாக்டர்களும் பெரிய ஆஸ்பத்திரிகளும் இல்லாத ஊர்களுக்கு நோய் போகாமல் தடுக்க ஏதாவது செய்தே ஆகவேண்டிய நேரம் அது. தடுப்பு போட்டதில் தவறு சொல்ல முடியாது.

ஆனால் ஆகஸ்ட் 17-ந் தேதி முதல், ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரமும் செல்போன் எண்ணும் கொடுத்தால் விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே இ-பாஸ் என்று அரசு அறிவித்தது. செப்டம்பர் 1-ந் தேதி மாநிலத்துக்குள் இ-பாசே வேண்டாம் என்றார்கள். 7-ந் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது.

பெயர், ஊர், போன் நம்பர். இந்த மூன்றும் பரனூரில் நின்ற அந்த மகனிடம் ஜூன் மாதமும் இருந்தன. முக கவசமும் இருந்தது. சாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமாவது அங்கேயே எழுதிக்கொண்டு, "போய் காரியத்தை முடித்துவிட்டு 14 நாள் தனியாக இரு" என்று அனுப்ப ஒரு மேஜையும் ஒரு நோட்டும் ஒரு கிளார்க்கும் போதுமே!

2023 மே 5-ந் தேதி, கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. பரனூரில் இப்போது பாஸ் கேட்பார் இல்லை. முக கவசம் எந்தெந்த வீட்டிலோ ஆணியில் தொங்குகிறது. தூசு தட்டி மாட்டிக்கொண்டால் அடுத்த நோய்க்கும் அது உதவும்.

தகப்பன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் வண்டியைத் திருப்பியவருக்குத்தான் எதுவும் உதவாது.