அசதிக்குக் குளுக்கோஸ் கொடுக்கலாமா?

பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர் பத்து அடி நடந்தாலே களைத்துப் போகிறார். இது சோம்பல் அல்ல. மூளையில் ஏற்பட்ட பாதிப்பே அசதி தரும்.

இரத்தத்தில் சர்க்கரை கூடினாலும் அசதி வரும். தாகம் எடுக்கும். அடிக்கடி சிறுநீர் போகும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் பக்கவாதம் வந்த சமயத்தில் சர்க்கரை ஏறுவது உண்டு. சிலருக்குப் பிறகு இறங்கிவிடும். சிலருக்கு நோய் முன்பே இருந்திருக்கும், தெரிந்திருக்காது.

பார்க்க வருபவர்கள் குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வருவார்கள். அன்புதான். ஆனால் சர்க்கரை கூடியவருக்கு அது கெடுதல். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் இரத்தம் சோதிக்க வேண்டும். இரண்டு முறை சோதித்தும் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு வியர்த்து, கை நடுங்கினால் விஷயம் வேறு. அப்போது சர்க்கரை குறைந்திருக்கலாம். நினைவோடு இருந்து, விழுங்கவும் முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.