எச்சில் தொட்ட விரல்

விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினால், "சரஸ்வதி மேல எச்சில் படலாமா?" என்று அதட்டாத பாட்டி நம் வீடுகளில் குறைவு. உம்பர்த்தோ எக்கோவின் நாவலிலோ அந்தப் பழக்கத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறார்கள்.

1980இல் இத்தாலிய மொழியில் வெளிவந்த ‘ரோஜாவின் பெயர்’ 1327ஆம் ஆண்டு நவம்பரில் நடக்கும் கதை. வட இத்தாலி மலைமேல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஏழு நாட்களுக்குள் துறவிகள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். (இங்கே மர்மத்தை உடைத்துவிடுவேன். நாவலைப் படிக்க இருப்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்.) சிரிப்பைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதி, பின்னர் தொலைந்துபோன நூலின் பிரதி ஒன்று அந்த மடத்தில் பதுங்கிக் கிடக்கிறது. மனிதன் சிரிக்கக் கற்றால் பயம் போய்விடும் என்று அஞ்சும் பார்வையற்ற முதியவர் அதன் தாள்களில் நஞ்சைத் தடவிவைக்கிறார். ஒட்டிய தாளைப் பிரிக்க விரலை நனைத்து நனைத்துப் படிப்பவர், தன் கையாலேயே நஞ்சை ஊட்டிக்கொள்கிறார்.

கதை இருக்கட்டும். 2018இல் தென் டென்மார்க் பல்கலைக்கழக நூலகத்தில் 16, 17ஆம் நூற்றாண்டு நூல்கள் மூன்றை எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்தார்கள். பழைய லத்தீன் கையெழுத்துப் பிரதிகளின் தோல்தாள்களை வெட்டி அந்த நூல்களுக்கு அட்டை போட்டிருந்தார்கள். மேலே அடித்த பச்சை வண்ணம் எழுத்தை மறைத்தது. அதை ஊடுருவிப் படிப்பதுதான் நோக்கம். எக்ஸ் கதிர் பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரை உமிழும். பச்சையிலிருந்து வந்த கதிர் ஆர்செனிக் என்னும் நஞ்சைக் காட்டிக்கொடுத்தது. சதி ஏதுமில்லை, பூச்சி அரிக்காமலிருக்கப் பூசியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

உண்மையில், ஆர்செனிக் மடத்துக்குள் நுழையக் கொலைகாரர் தேவையே இல்லை. துறவிகள் ஏடுகளில் பொன்மஞ்சள் தீட்டியது அரிதாரத்தைப் பொடித்து. கந்தகமும் ஆர்செனிக்கும் சேர்ந்த கனிமம் அது. ‘கெல்ஸ் நூல்’ என்னும் பழைய ஏட்டின் ஓவியங்களில் ஒளிரும் மஞ்சளும் அதுவே. வேடம் கட்டுவதை நாம் ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோமே, அந்தச் சொல்லில் இருப்பதும் இதே நஞ்சுதான். தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் வெள்ளைப் பாஷாணம் அளவுக்குக் கொடியதில்லை.

எனக்கோ எக்கோவின் துறவிகளைவிட வேறொரு நாக்கின் கதைதான் பிடிக்கும். ஜெர்மனியின் டால்ஹைமில் இருந்த பெண் துறவியர் மடத்து இடுகாட்டில், 11 அல்லது 12ஆம் நூற்றாண்டில் இறந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது 45க்கும் 60க்கும் இடையில். அவர் என்ன சாப்பிட்டார் என்று பார்க்கத்தான் பல்லில் இறுகியிருந்த காரையை எடுத்துக் கரைத்தார்கள். நுண்ணோக்கியில் தெரிந்தவை நீலத் துகள்கள், நூற்றுக்கும் மேல். 2019இல் வெளியான ஆய்வு அவற்றை லாபிஸ் லசூலி என்று உறுதிசெய்தது. ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டப்பட்டு, கை மாறி மாறி ஐரோப்பா வந்துசேர்ந்த கல். விலை பொன்னுக்கு நிகர். ஏடு தீட்ட அதைப் பொடித்துச் செய்த அத்தனை அருமையான வண்ணத்தைத் தேர்ந்த கைகளிடம் மட்டுமே கொடுப்பார்கள். தூரிகை முனையைக் கூராக்க அவர் அதை உதட்டில் வைத்து வைத்து எடுத்திருக்க வேண்டும்.

ஏடு எழுதியவர்கள் என்றாலே ஆண் துறவிகள்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது. டால்ஹைம் மடம் 14ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானது. அவர் தீட்டிய ஏடு எதுவும் நம் கைக்கு வரவில்லை; பல்லிடுக்கில் நீலம் மட்டும் இருந்தது.