அடிபடாத காலும் வலித்தது

புண் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் துணி உரசினாலே சுரீரென்கிறது. நரம்பு சேதமானால் வரும் வலி இப்படித்தான். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலும், அக்கி போன பிறகும் விடாத குத்தலும் இதே ரகம். வழக்கமான வலி மாத்திரைகள் இதில் பெரிதாக எடுபடுவதில்லை.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரேயாஸ் சிம்மரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வலியை வேறொரு கோணத்தில் காட்டியது. சுண்டெலிகளின் ஒரு பின்னங்காலுக்கு இறங்கும் நரம்பைப் பாதியளவு இறுக்கிக் கட்டினார்கள். சாதாரண எலிக்கு அந்தக் கால் மட்டுமே கூசியது. சிபி-2 என்ற ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கோ, யாரும் தொடாத மறுகாலும் கூசத் தொடங்கியது! தண்டுவடத்தில் நரம்புகளைச் சுற்றியுள்ள மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள், சேதமில்லாத பக்கத்திலும் கிளர்ந்தெழுந்திருந்தன. சிபி-2 அதிகமாக இருந்த எலிகளில் இந்தக் கிளர்ச்சி அடங்கியே இருந்தது. வலி பரவாமல் தடுக்கும் பொறுப்பு அந்த ஏற்பிக்கும் உண்டு என்பது தெளிவானது.

சிபி-2, கஞ்சாவின் பொருள்கள் போய் ஒட்டும் ஏற்பிகளில் ஒன்று. கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சியை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டும் சிபி-1 ஏற்பியின் மரபணு 1990-லும், சிபி-2வின் மரபணு 1993-லும் அடையாளம் காணப்பட்டன. நம் உடலே சுரக்கும் ஆனந்தமைடும் இவற்றில்தான் ஒட்டுகிறது. போதைக்குக் காரணம் மூளையிலுள்ள சிபி-1. அதே ஏற்பி வலி நரம்புகளிலும் இருக்கிறது. ஹைடல்பெர்கில் ரோகிணி குனர் குழு வலி நரம்புகளிலிருந்து மட்டும் அதை நீக்கியபோது, மூளையில் அது அப்படியே இருந்தும், கஞ்சா வகை மருந்துகளின் வலிநிவாரணம் பெருமளவு குறைந்தது. அப்படியானால் மூளையைத் தொடாமலே, போதையில்லாமல் வலியைக் குறைக்கலாமே என்ற ஆசை வருவது இயல்பு.

மருந்தாக்கும் முயற்சிகள் அந்த ஆசைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்க முயன்ற ஒரு மருந்து, 2016-இல் பிரான்சின் ரென் நகரில் நடந்த சோதனையில் ஒருவரின் உயிரைக் குடித்தது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021-இல், சான்று போதாததால் வலிக்குக் கஞ்சா வகை மருந்துகளைப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. எனக்கு இதில் வியப்பில்லை. எலி எப்போது காலை இழுத்துக்கொள்கிறது என்பதைத்தான் ஆய்வகத்தில் அளக்கிறோம். நோயாளியிடம் இருப்பதோ ஆண்டுக்கணக்கான வலியும், கெட்டுப்போன தூக்கமும், ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் நான்கைந்து மாத்திரைகளும்.