கேள்வி கேட்கும் வீடு – 7: துருவ ஒளி தங்கைக்கு

சென்ற வாரம் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் அப்பாவைப் பார்த்தோம். சீருடை வியாபாரத்தில் இருந்தவர். டைனோசரின் உயரம் 25 அடி என்று கலைக்களஞ்சியத்தில் வந்தால் அங்கேயே நிறுத்தி, அது நம் வீட்டு வாசலில் நின்றால் மாடி ஜன்னல்வரை தலை எட்டும் என்று மகனுக்குக் காட்டியவர். அந்த வீட்டில் ஒரு மகளும் இருந்தாள். அவளை விட்டுவிட்டால் இது பாதிக் கதைதான்.

ஜோன் 1927-இல் பிறந்தவள். அண்ணனுக்கு ஒன்பது வயது இளையவள். அவன் தன் அறையில் வைத்திருந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் உதவியாளர். சில்லறைக் காசு சம்பளமும் உண்டு. ஒருநாள் இரவு தூங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பி, பக்கத்து கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனான். வானத்தில் ஒளித்திரைகள் அசைந்துகொண்டிருந்தன. துருவ ஒளி. இது எப்படி உண்டாகிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றான். 'தெரியாது' என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயந்து, பெற்றோர் நாம் எதையாவது சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். அந்தப் பையன் கேள்வியைத் திறந்தபடியே தங்கையின் கையில் கொடுத்துவிட்டான்.

அதை மூடப் பார்த்தது அம்மா. விஞ்ஞானம் படிக்கும் அளவுக்குப் பெண்களின் மூளைக்குச் சக்தி கிடையாது என்று, எட்டு வயதை ஒட்டிய மகளிடம் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள் ஜோன். இத்தனைக்கும் அந்த அம்மா இளவயதில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர். மகளிடம் கோபமோ வெறுப்போ இல்லை. உண்மை என்று நம்பியதைச் சொன்னார். நம் வீடுகளில் 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்கிறவர்களும் பாசக்காரர்கள்தானே.

14-ஆம் பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு வானியல் பாடப்புத்தகம் கொடுத்தான். கல்லூரி மாணவர்களுக்கானது. புரியாத இடம் வந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போ, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று வழியும் சொன்னான். அப்படி முட்டி மோதி 407-ஆம் பக்கத்துக்கு வந்தாள் ஜோன். விண்மீன் ஒளியில் மெக்னீசியம் இடும் கோட்டைப் பற்றிய ஒரு வரைபடம். அதன் கீழே, அதை எடுத்த நூலின் ஆசிரியர் பெயர்: சிசிலியா பெய்ன். விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் என்று 1925-இல் கண்டுசொன்ன அதே பெண். அம்மா சொன்னது பொய் என்று ஜோனுக்கு அங்கே அச்சில் தெரிந்துவிட்டது. எனக்கென்னவோ, அந்தப் பெயர் செய்த வேலையை எந்த ஊக்கப் பேச்சும் செய்திருக்காது என்றே தோன்றுகிறது.

ஜோன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். சூரியக் காற்றும் பூமியின் காந்தப்புலமும் உரசுவதில் துருவ ஒளி எப்படிப் பிறக்கிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாக்கினார். அண்ணனின் வேகம் அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பாகப்பிரிவினை செய்தார்: துருவ ஒளி எனக்கு, மீதிப் பிரபஞ்சம் உனக்கு. ரிச்சர்டும் சம்மதித்தார்.

பல ஆண்டுகள் கழித்து, நோபல் பரிசெல்லாம் வாங்கிய பிறகு, ரிச்சர்ட் அலாஸ்கா போயிருந்தார். அங்கே துருவ ஒளி ஆய்வாளர் அகாசோஃபு, நீங்களும் இந்தத் துறைக்கு வரலாமே என்று அழைத்தார். ஆசைதான், ஆனால் தங்கையிடம் அனுமதி கேட்க வேண்டுமே என்றார் ரிச்சர்ட்.

(தொடரும்)