'நைட்'டுக்குள்ளே 'ஜி.எச்.' எதுக்கு? ஸ்பெல்லிங்கில் கோட்டை விடும் கல்லூரி மாணவர்கள்... உண்மைக் காரணம் இதுதான்!

பிளஸ்-2 வரை தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கியவர்கள்தான். ஆனால் கல்லூரிக்குள் நுழைந்ததும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் திணறுகிறார்கள். லீவ் லெட்டரில் தப்பு, பரீட்சை பேப்பரில் தப்பு, வேலைக்கு போடும் விண்ணப்பத்திலும் தப்பு. "காலேஜ் படிக்கிற புள்ளைக்கு இதுகூட தெரியலையா?" என்று வீட்டிலும் வெளியிலும் கேலி வேறு.

கலை, அறிவியல் கல்லூரிகளில் எந்த பாடம் எடுத்தாலும் இங்கிலீஷ் தாளும் உண்டு. ஸ்பெல்லிங் பயத்தில் பல மாணவ-மாணவிகள் தெரிந்த வார்த்தையைக்கூட எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நாலு வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். அறிவு இருந்தும் மார்க் போகிறது, வேலையும் கைநழுவுகிறது.

ஆனால் இந்த தப்புகளை உற்றுப் பார்த்தால், இது மக்குத்தனம் இல்லை என்பது புரியும். தமிழில் பழகிய காது, தனக்கு தெரிந்த விதியை ஒழுங்காக கடைப்பிடிப்பதால் வரும் வினை இது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

26 எழுத்து... 44 ஓசை!

தமிழில் 247 எழுத்தையும் படித்துவிட்டால் எந்த வார்த்தையையும் வாசித்து விடலாம். 'ல, ள, ழ' தகராறும், 'ர, ற' குழப்பமும் உண்டுதான். மற்றபடி காதில் விழுவதை எழுதினால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இங்கிலீஷில் இருப்பது 26 எழுத்து. ஓசைகளோ சுமார் 44. ஆள் பற்றாக்குறை! அதனால் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேஷம் மாறுகிறது. 'ஆனால்' என்று சொல்லும் 'பட்', 'வை' என்று சொல்லும் 'புட்', இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே 'யு'தான்.

'டாக்டர், டீச்சர், காலண்டர்' மூன்றும் நம் காதுக்கு 'அர்' என்றே முடிகிறது. இங்கிலீஷிலோ முதலாவதுக்கு ஓ-ஆர், இரண்டாவதுக்கு இ-ஆர், மூன்றாவதுக்கு ஏ-ஆர். கேட்டு எழுதினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பேப்பருக்கும் 'ப'... பஸ்சுக்கும் 'ப'!

தமிழில் பேப்பர், பஸ் இரண்டுக்கும் ஒரே 'ப' போதும். டீக்கும் டாக்டருக்கும் ஒரே 'ட'. கேக்குக்கும் கேட்டுக்கும் ஒரே 'க'. இங்கிலீஷில் இவை எல்லாமே தனித்தனி எழுத்துகள். அவசரத்தில் எழுதும்போது ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்து விடுகிறது.

இரட்டை எழுத்தும் இப்படித்தான். தமிழில் 'படம்' வேறு, 'பட்டம்' வேறு. நடுவில் உள்ள ஒற்று காதில் நன்றாக கேட்கும். ஆனால் 'டுமாரோ'வில் ஒரு எம், இரண்டு ஆர் என்பதை எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. மனப்பாடம்தான் வழி.

பழி யார் மேல்?

'நைட்'டுக்கு நடுவில் ஜி-எச் எதற்கு? அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் அதை தொண்டையில் இருந்து கரகரவென்று உச்சரித்தார்கள். கத்தியைக் குறிக்கும் 'நைப்' வார்த்தையின் முன்னால் நிற்கும் 'கே'யையும் வாய்விட்டு சொன்னார்கள்.

1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு எந்திரத்தை கொண்டுவந்தார். அச்சில் ஏறிய ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமாக கெட்டிப்பட்டு அப்படியே நின்றுவிட்டது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. அந்த இடைவெளியில்தான் நம்ம பிள்ளைகள் விழுகிறார்கள்.

கடனைக் குறிக்கும் 'டெட்' வார்த்தைக்குள் இருக்கும் 'பி' இன்னும் வேடிக்கை. லத்தீன் மொழி தொடர்பை காட்டுவதற்காக படித்தவர்கள் பிற்காலத்தில் சொருகியது அது!

அரசுக்கே தலைவலி!

தமிழையும் இங்கிலீஷ் எழுத்தையும் பொருத்துவது எவ்வளவு சிக்கல் என்பதை தமிழக அரசே பார்த்துவிட்டது. தமிழ் உச்சரிப்புப்படியே இங்கிலீஷிலும் இருக்க வேண்டும் என்று கோயம்புத்தூர், வேலூர் உள்பட 1,018 ஊர்ப் பெயர்களின் ஸ்பெல்லிங்கை மாற்றும் அறிவிப்பு 2020 ஜூனில் வெளியானது. 'இப்படி எழுதினால் யார் வாசிப்பது?' என்று விமர்சனம் கிளம்ப, சில நாட்களிலேயே அது வாபஸ் ஆனது.

தப்பிக்க என்ன வழி?

* சொந்தக்கார வார்த்தையை தேடுங்கள். 'சைன்' என்று சொல்லும்போது ஜி கேட்காது. 'சிக்னேச்சர்' என்றால் கேட்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தால் ஜி மறக்காது.

* எழுத்து உள்ளபடி உடைத்து சொல்லிப் பழகுங்கள். புதன்கிழமையை மனசுக்குள் 'வெட்-நெஸ்-டே' என்று சொல்லிக்கொண்டால் நடுவில் உள்ள 'டி' விட்டுப்போகாது.

* அடிக்கடி வரும் தப்புகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்ப தப்பாவது பெரும்பாலும் அதே வார்த்தைகள்தான்.

* செல்போனை முழுசாக நம்பாதீர்கள். 'பிரம்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'பார்ம்' என்று விழுந்தால், அதுவும் சரியான வார்த்தை என்பதால் பல நேரம் சிவப்புக் கோடு வராது. வேலை விண்ணப்பத்தை இன்னொருவரிடம் கொடுத்து படிக்கச் சொல்லி விட்டு அனுப்புவது நல்லது.

ஸ்பெல்லிங்குக்கு என்றே அமெரிக்காவில் 1925-ல் தேசிய போட்டி ஆரம்பித்தார்கள். இங்கிலீஷை தாய்மொழியாக பேசுகிறவர்களுக்கே அது பரிசு கொடுக்கும் அளவுக்கு கஷ்டம்! எனவே, பிள்ளைகள் ஒரு எழுத்தை விட்டுவிட்டால் திட்டாதீர்கள். எந்த எழுத்து, ஏன் விட்டுப்போனது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பயம் போனால் பாதி தப்பு தானாகவே குறையும்!