தண்ணில நின்ன காரோட சாவியைத் திருப்பாதீங்க, க்ளெய்ம் போயிடும்!

2015 டிசம்பர். வெள்ளம் வடிஞ்ச மறுநாள் காலை, வேளச்சேரில எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரெண்டு டீசல் கார் சேறு பூசி நின்னுச்சு. ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு மேல் வீட்டு அண்ணனோடது. "ஓடுதான்னு பார்த்துடுவோமே"ன்னு அண்ணன் சாவியைத் திருப்பினார். டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் திருப்பல. பெரிய அறிவாளின்னு நினைச்சுடாதீங்க, முந்தின நாளே என் மெக்கானிக் போன்ல மிரட்டி வச்சிருந்தார்: "சார், சாவியைத் தொட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க."

அண்ணனுக்கு இன்ஜின் பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுச்சு. மொத்தமும் அவர் கைக்காசு. எனக்கு சீட், கார்ப்பெட், வயரிங் வேலைன்னு செலவான தொகைல பெரும்பகுதி க்ளெய்ம்ல வந்துடுச்சு. இத்தனைக்கும் ரெண்டு பேர்கிட்டயும் இருந்தது சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான்.

என்ன வித்தியாசம்? இன்ஜின் காற்றை உள்ளே இழுத்து சிலிண்டருக்குள்ள அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. உள்ளே தண்ணி நிக்கும்போது ஸ்டார்ட் பண்ணா, பிஸ்டன் மேலே வர இடம் இல்லாம கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். சில சமயம் பிளாக்கையே உடைச்சுக்கிட்டு வெளியே வரும். இதுக்குப் பேர் ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்.

வெள்ளத்தால் வரும் சேதத்துக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கவர் உண்டு. (தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தா உங்க வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது.) ஆனா இன்ஜின் உடைஞ்சது வெள்ளத்தால இல்ல, நீங்க சாவியைத் திருப்பினதாலன்னு சர்வேயர் எழுதுவார். பாலிசி பாஷைல அது 'கான்சிக்வென்ஷியல் லாஸ்', அதாவது பின்விளைவால் வந்த நஷ்டம். அதுக்குப் பணம் கிடையாது.

இங்கதான் நிறைய பேர் ஏமாறாங்க. "நான் பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன், எல்லாமே வரும்"பாங்க. ஜீரோ டெப்ங்கிறது தேய்மானக் கழிவை மட்டும்தான் நீக்கும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% கழிச்சுக் கொடுக்கிறதை, கழிக்காம கொடுப்பாங்க. பாலிசி கவர் பண்ணாத ஒண்ணை அது கவர் பண்ண வைக்காது. இன்ஜினுக்குள்ள தண்ணி போறதுக்குத் தனியா 'இன்ஜின் ப்ரொடெக்ட்' ஆட்-ஆன் இருக்கு. சென்னை மாதிரி ஊர்ல இருக்கீங்கன்னா, என் கருத்துப்படி, சன்ரூஃபுக்குக் கொடுக்கிற காசுல ஒரு துளியை இதுக்குக் கொடுங்க. வண்டி பழசாயிட்டா பல கம்பெனிகள் இந்த ஆட்-ஆன் கொடுக்கத் தயங்குவாங்க. ரின்யூவல் சமயத்துல கேட்டு, நிபந்தனைகளையும் படிச்சுட்டு வாங்குங்க. மழைக்கு முன்னாடி காரை வேளச்சேரி மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினவங்களைப் பார்த்து ஊரே சிரிச்சுச்சு. எனக்கென்னவோ அவங்க கணக்கு சரியாதான் பட்டுது.

சரி, தண்ணி ஏறிடுச்சு. என்ன பண்ணணும்? சாவியைத் தொடாதீங்க. தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு தெரியற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிட்டு, டோ பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. தள்ளி ஸ்டார்ட் பண்றதும் அதே தப்புதான். ஒர்க்‌ஷாப்ல டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பாங்க. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம்.

ஓட்டிட்டுப் போகும்போது சப்வேல தண்ணி நின்னா, பாதி டயருக்கு மேல இருந்தாலே நான் திரும்பிடுவேன். வேற வழியே இல்லன்னா ஃபர்ஸ்ட் கியர்ல, ஒரே சீரா, மெதுவா போங்க. பாதியில நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணாம இறங்கித் தள்ளுங்க. தார் வச்சிருக்கிற நண்பர்கள் 650 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் போகலாம்னு பெருமையா சொல்வாங்க. எதிர்ல வர்ற மாநகரப் பேருந்து கிளப்புற அலைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

கடைசியா ஒரு கணக்கு. தண்ணில வெறும் பம்பர் கிளிப்பும் ஃபாக் லேம்பும் மட்டும் போயிருந்தா, க்ளெய்ம் பண்றதுக்கு முன்னாடி என்சிபியைப் பாருங்க. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், என்சிபி 50%னு வச்சுப்போம். இப்போ கட்டறது 5,000. ஒரு க்ளெய்ம் போட்டா என்சிபி பூஜ்யம். அடுத்தடுத்த வருஷம் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 கட்டின பிறகுதான் பழைய 5,000க்கு வருவீங்க. பிரீமியம் மாறலன்னு வச்சுக்கிட்டாலே மொத்த இழப்பு 12,500 ரூபாய். 7,000 ரூபாய் பில்லுக்கு க்ளெய்ம் போட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். அதோட அந்த 7,000லயும் கட்டாயக் கழிவுன்னு 1,000 ரூபாய், 1500 சிசிக்கு மேல இருந்தா 2,000 ரூபாய், பிடிச்சுட்டுத்தான் தருவாங்க.