வடசென்னைத் துறைமுக, ஆலைப் பகுதியில் நரம்பியல் அவசரநிலையும் செவிலியர் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

பக்கவாதம், தலைக்காயம், தொடர்வலிப்பு ஆகியவற்றில் செவிலியர் தொடக்கத்தில் திரட்டும் செய்திகள் சிகிச்சையின் போக்கையே தீர்மானிக்கின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியின் தொழில்வாழ்க்கை, அச்செய்திகளைப் பெறுவதில் எத்தகைய இடர்களை உண்டாக்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பக்கவாதம், தலைக்காயம், வலிப்பு, செவிலியர், வடசென்னை.

முன்னுரை

வடசென்னை மக்களின் முதன்மையான அரசு மருத்துவமனை இராயபுரம் அருகேயுள்ள ஸ்டான்லி மருத்துவமனையாகும். 1782இல் பஞ்சத்தால் வாடியோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தோடு அதன் வரலாறு பிணைந்துள்ளது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்னும் வழக்கு முதியோரிடையே இன்றும் உண்டு. காசிமேட்டு மீனவர், துறைமுகத் தொழிலாளர், மணலி, எண்ணூர் ஆலைகளில் முறைவேலை பார்ப்போர், வடமாநிலத் தொழிலாளர் எனப் பலதரப்பட்டோர் வாழும் பகுதி இது. கண்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும் சாலைகளும் இங்குள்ளன. தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் சேவை நோயாளியை விரைந்து கொணர உதவுகிறது. எனினும் வாயிலைக் கடந்தபின் நேரத்தைக் காப்பது பெரிதும் செவிலியர் கையில் உள்ளது.

கடைசியாக நலமாக இருந்த நேரம்

மூளைக் குருதிக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தைப் பொதுவாக 4.5 மணிநேரத்திற்குள் செலுத்த வேண்டும். இந்நேரம் அறிகுறி கண்ணில் பட்ட பொழுதிலிருந்து அன்று, நோயாளி கடைசியாக நலமாக இருந்த பொழுதிலிருந்தே கணக்கிடப்படும்.

இரவுமுறை முடித்துக் காலை 8 மணிக்கு உறங்கிய தொழிலாளர் ஒருவர், பிற்பகல் 2 மணிக்குக் கை தளர்ந்த நிலையில் எழுகிறார் எனக் கொள்வோம். வீட்டார் ‘2 மணிக்கு வந்தது’ என்பர். கணக்குப்படி 6 மணிநேரம் கடந்துவிட்டது. மேலும் நுட்பமான படிமச் சோதனையின்றி மருந்து தருதல் இயலாது. ஆனால் அவர் 11 மணிக்கு எழுந்து தண்ணீர் அருந்தி, மனைவியிடம் தெளிவாகப் பேசியிருந்தால் கடந்தது 3 மணிநேரமே. இன்னும் ஒன்றரை மணிநேரம் எஞ்சியுள்ளது. ‘இடையில் எழுந்தாரா? யாரிடமேனும் பேசினாரா?’ என்னும் ஒரு வினா இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும். படகில் நோயுற்ற மீனவரைப் பொறுத்தவரை இதற்கு விடையளிக்கக்கூடியவர் உடன் சென்றவரே. எனவே அவரை அனுப்பிவிடாது இருத்திக் கேட்டறிதல் வேண்டும்.

அதே வேளையில் இரத்தச் சர்க்கரையை அளத்தல் இன்றியமையாதது. சர்க்கரைக் குறைவும் பக்கவாதம்போல் தோன்றக்கூடும். மருந்து செலுத்துமுன் மூளையில் குருதிக்கசிவு இல்லையெனச் சி.டி. ஸ்கேன் காட்ட வேண்டும். இரத்த அழுத்தம் 185/110க்குக் கீழ் இருக்க வேண்டும். செலுத்தியபின் முதல் 2 மணிநேரம் 15 நிமிடத்திற்கு ஒருமுறை அழுத்தத்தையும் நரம்பியல் நிலையையும் நோக்க வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை வாய்வழி எதுவும் தரலாகாது. அன்பால் உறவினர் தரும் ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

தலைக்காயமும் மொழியும்

1974இல் டீஸ்டேல், ஜென்னெட் ஆகிய இருவர் வெளியிட்ட கிளாஸ்கோ அளவுகோல், கண்திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உணர்வுநிலையை மதிப்பிடுகிறது. கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் குறைவாயின் மூச்சுவழி ஆபத்தில் உள்ளது என்பது பொருள். ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முதன்மையானது. அத்துடன் இரு கண்மணிகளின் அளவையும் ஒளிக்கு அவை சுருங்குவதையும் ஒப்பிட வேண்டும்.

பேச்சு மதிப்பெண் மொழியைச் சார்ந்தது. இந்தியோ ஒடியாவோ மட்டும் அறிந்தவரிடம் தமிழில் வினவி, விடை வராமையைக் குழப்பம் எனக் குறித்தால் மதிப்பீடு பிழைபடும். மாறாக, உண்மையான குழப்பத்தை மொழி அறியாமை எனக் கருதினால் மூளைக்குள் பெருகும் குருதிக்கசிவு கவனத்திலிருந்து தப்பும். அவர் மொழியறிந்த உடன்பணியாளரை நேரிலோ தொலைபேசியிலோ துணைகொள்வது எளிய தீர்வு. மதுவாடை வீசும் நோயாளியையும் ‘போதையில் உறங்குகிறார்’ என விட்டுவிடலாகாது. தலைக்காயம் இல்லையென உறுதியாகும்வரை உண்டு எனக் கொள்வதே பாதுகாப்பு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்துக்குள்ளான பிற மாநிலத்தவருக்கும் முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. இதனை உடன்வந்தோர்க்குத் தொடக்கத்திலேயே தெரிவித்தால் தயக்கம் நீங்கும்.

தொடர்வலிப்பு

வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தால் அது தானே நிற்கும் எனக் காத்திருத்தல் தகாது. லோரசெபாம் அல்லது மிடசோலாம் உடனே தேவைப்படும். நோயாளியை ஒருக்களித்துக் கிடத்துதல், உயிர்வளி அளித்தல், சர்க்கரை அளத்தல், தொடக்க நேரத்தைக் குறித்தல் ஆகியன செவிலியரின் உடனடிக் கடமைகள். கையில் சாவிக்கொத்துத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பற்களுக்கிடையே பொருளைச் செருகுவது தீங்கே தரும். உறவினரைக் கடியாமல் இதனை விளக்குவதும் செவிலியர் பணியின் பகுதியாகும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று நிலைகளிலும் வினவுதல், நோக்குதல், நேரங்குறித்தல் என்பன விலையுயர்ந்த கருவிகளை வேண்டாதவை. ஆயினும் கருவிகளும் மருந்துகளும் பயன்படுமா என்பதை அவையே முடிவு செய்கின்றன. எனவே இப்பகுதியின் அவசரப் பிரிவுச் செவிலியர்க்கான பயிற்சியில் முறைவேலை, கடல்தொழில், பன்மொழிச் சூழல் ஆகியனவும் பாடமாக இடம்பெறுதல் வேண்டும்.